காட்டுக்குக் கட்டும் காசு

வவுணதீவு,
14.11.2010

அன்புள்ள மகன் ரதீஸுக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தமட்டில் இங்கே அம்மா, தங்கச்சி, நான் மூவரும் சுகம், கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாமாங்கேஸ்வரர் துணையிருக்க வேண்டும். மனதும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போன ஞாயிறு நீ எடுத்த அழைப்பில் எங்கள் உயிர் பாதி போய்விட்டது, மீதியை ஏறாவூர் பதியுதீன் காக்கா புதன்கிழமை எடுத்துவிட்டார்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? மழை இரைச்சலில் பாதிதான் கேட்டது. “இந்த மாசம் ஒண்டும் அனுப்ப ஏலாது அப்பா, காட்டுக்குக் கட்டவேணும், கட்டாட்டி விடமாட்டாங்கள்” என்றாய். காட்டுக்கா என்று நான் கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. மகன், இந்தப் படுவான்கரையில் காடு என்றால் எங்களுக்கு என்ன நினைவு வரும்? காட்டிலிருந்து இயக்கக்காரர் துவக்கோடு வந்து வீட்டுக்கு இவ்வளவு காசு என்று கேட்ட காலமும், இல்லையென்று சொல்லப் பயந்து விதைநெல்லை விற்றுக் கொடுத்த காலமும் உனக்குத் தெரியாததல்ல. சண்டை முடிந்து ஒன்றரை வருஷமாகிறதே, இன்னும் யார் கேட்கிறார்கள், அதுவும் கனடாவில், என் பிள்ளையிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. திருப்பி நாலு தரம் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. அம்மா அடுப்பு மூட்டவே இல்லை. யாரிடமும் வாய் திறக்காதே என்று அவளுக்குச் சொன்னேன், வந்தாறுமூலைக்குப் படிக்கப் போய்வருகிற தங்கச்சி பிரஷாந்தியிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று நாள் நாய் குரைத்தாலும் எழும்பி நின்றேன்.

புதன்கிழமை பொறுக்க முடியாமல் பதியுதீன் காக்காவிடம் போனேன். வருஷாவருஷம் நம் நெல்லை வாங்குகிற மனிசன், துபாயில் பதினொரு வருஷம் இருந்தவர், அவரிடம்தான் மனம் விட்டுச் சொல்லலாம். அவருடைய அரிசி மில்லின் பின்பக்கம் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அது மரம் நிக்கிற காடில்ல அருமைநாயகம், வங்கி குடுக்கிற காட்! கடனுக்குச் சாமான் வாங்குற மட்டை” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அம்மாவுக்கு அங்கிருந்தே அழைப்பெடுத்து அடுப்பை மூட்டச் சொன்னேன்.

தேத்தண்ணி தந்து அதன் சூட்சுமத்தையும் விளக்கினார். துபாயில் அவரிடமும் அப்படி ஒன்று இருந்ததாம். அரிசி, பருப்பு, பெற்றோல் எல்லாம் அதில்தான் வாங்குவாராம், நூறுக்கு வாங்கினால் இரண்டு திரும்பி வருமாம். “வட்டி எங்களுக்கு ஹறாம், அதால தேதிக்கு முதல் நாளே முழுக்கக் கட்டிருவன், என்னால வங்கிக்கு ஒரு சதம் வட்டியில்ல, அவன் தாறத மட்டும் நான் எடுப்பன்” என்றார். திரும்பி வருகிறதே என்று தேவையில்லாத சாமான் வாங்கினால் நாம்தான் ஏமாளி, வருஷக் கட்டணம் கேட்கிற காட் என்றால் அந்தக் கட்டணத்தை விடக் கூடத் திரும்பி வருகிறதா என்று பார், முழுக்கக் கட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் வருகிற இரண்டை வட்டி தின்றுவிட்டு நம்மையும் தின்னும் என்றார். கெட்டிக்காரர்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எழும்பும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டார், “புள்ள சாமான் வாங்கினானா, இல்ல காசா எடுத்தானா?” கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளுடைய கலியாண வீட்டுக்கு ஓடு போட ஆவணியில் நீ அனுப்பிய மூன்று இலட்சமும் சம்பளக் காசில்லையாம், காட்டில் காசாக எடுத்ததாம், பயப்படாதே அதில் கொஞ்சம் திரும்பி வரும், அப்பாவிடம் சொல்லாதே என்று அவளிடம் சொன்னாயாம். பதியுதீன் காக்காவுக்கு உடனே எடுத்துக் கேட்டேன். காசாக எடுத்தால் ஒரு சதமும் திரும்பாது, எடுத்த அன்றிலிருந்தே வட்டி, மாதம் ஐயாயிரத்துக்குக் குறையாது என்றார். காடு என்று பயந்த மூன்று நாளிலும் நான் இவ்வளவு பயப்படவில்லை மகன்.

உடனே ஓட்டுக்குக் காசு கட்டிய செங்கலடிக் கடைக்குப் போனேன். ஓடு இன்னும் இறக்கவில்லை, கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் காசைத் திருப்பித் தந்துவிட்டார். பிரஷாந்தி தானே மாப்பிள்ளை உதயரூபன் தம்பியோடு கதைத்து, கலியாணம் தகரக் கூரைக்குக் கீழேதான் நடக்கும், சம்மதமா என்று கேட்டாள். மழைச் சத்தத்தில் தாலி கட்டினால் கட்டாததாகிவிடுமா என்று அவர் கேட்டாராம். நல்ல பிள்ளை. அவருடைய தாய்தான் இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை, திறக்கும்போது திறக்கட்டும். வட்டிக்கென்று பத்து மூடை நெல்லையும் விற்று, எல்லாவற்றையும் பதியுதீன் காக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய மகன் ஸாஹிர் உன் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறான், அந்தக் கணக்குக்கு அங்கத்தைக் காசாக வந்து உன் கையில் தருவான். வாங்கிய அன்றே கட்டு. அதன் பிறகு அந்தக் காட்டை வெட்டி எறியச் சொல்லமாட்டேன், சாப்பாட்டுச் சாமானுக்கும் பஸ்சுக்கும் வைத்துக்கொள், காக்கா செய்ததுபோலச் செய், திரும்பி வருகிறதைச் சேர்த்து உனக்கு ஒரு நல்ல குளிர்ச் சட்டை வாங்கு.

ஓடு போட்ட வீடென்றால்தான் ஊரில் நமக்கு மரியாதை என்று ஆவணியில் உன்னிடம் சொன்னவன் நான்தான். துவக்கோடு வந்தவர்களிடம் இல்லையென்று சொல்லப் பயந்து நான் கொடுத்தேன். என்னிடம் துவக்கில்லை, என்னிடமும் நீ இல்லையென்று சொல்லப் பயந்திருக்கிறாய்.

அம்மா உன் தலையைத் தடவி முத்தம் தரச் சொல்கிறாள். எந்தக் குறையும் அண்டாமல் நீ நீடூழி வாழவேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, இரட்டை வேலையை விடு. இனி நான் காசு என்று வாயெடுத்தால் “ஏலாது அப்பா” என்று சொல்லு. ஞாயிற்றுக்கிழமை அழைப்பெடு, சும்மா ஏதாவது கேட்கிறேன், அன்றைக்கே ஒருமுறை சொல்லிப் பழகு.

இப்படிக்கு,
உன் அப்பா
க. அருமைநாயகம்