விட்ட பாட்டு ஐம்பத்தெட்டு

அன்பு மகளுக்கு,

உன் தந்தை எழுதுவது. ஆண்டவன் அருளால் நானும் உன் அம்மாவும் சின்னவனும் உண்டு, உறங்கி, எழுந்து நடமாடும் அளவுக்கு நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதனினும் மேலான நலத்தோடு இருக்க நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். பேத்திக்கு முன்பல் விழுந்ததாக அம்மா சொன்னாள். விழுந்த இடத்தை நாக்கால் துழாவ வேண்டாம் என்று சொல். அம்மாவின் முழங்கால் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. ஆனாலும் படியேறும்போது படிக்கு ஒரு முறை ஆண்டவனைக் கூப்பிடுகிறாள், கூப்பிடுகிற தொனியைக் கேட்டால் என்னைத் திட்டுவதுபோல் இருக்கிறது. தொலைபேசி இருக்கத் தாளை எடுத்துக்கொண்டு ஏன் உட்கார்ந்தார் என்று நினைப்பாய். பேச்சென்றால் நழுவிவிடுவேன் அம்மா. எழுதியதை விழுங்க முடியாது, அதனால்தான்.

சின்னவனின் கணினியில் கிராபிக்ஸ் கார்டு எரிந்துபோனதும், புதியதா பழையதா என்று வீடே இரண்டுபட்டதும் நீ அறிந்ததே. இனிமேல் கட்டப்போகும் கட்டடத்தைக் கட்டிமுடித்ததுபோலப் படமாக்கித் தருவது உன் தம்பியின் பிழைப்பு. அந்தக் கார்டு இல்லாவிட்டால் உளியில்லாத தச்சன் கதைதான். புதியதென்றால் மூன்றாண்டு வாரண்டி, மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். ஆனால் அவனுக்குக் கட்டுப்படியாகும் புதியதில் நினைவகம் சிறிது, பெரிய கட்டடம் அதற்குள் அடங்காது என்றான். பழையதோ நான்காண்டுக்கு முன் முதல் வரிசையில் நின்றது, நினைவகம் இரண்டு மடங்கு, விலை பாதி, வாரண்டி மட்டும் இல்லை. விற்க இருந்த வீடியோக்காரர், யானை படுத்தாலும் குதிரை மட்டம் தம்பி என்றாராம். படுத்த யானைக்கும் தீனி போடணும்டா, கரண்டு பில்லு அவரா கட்டுவாரு, பேசாம புதுசு வாங்கு, குறையறத நான் போடறேன் என்று நீ சொன்னாய். அவன் என் முகத்தைப் பார்த்தான். பழையவன் பழையதற்குப் பரிந்தேன். பெண்ணின் கையை எதிர்பார்ப்பதா என்ற வீம்பும் உள்ளே இருந்தது. அதை நினைவகம் என்ற பெயரால் மூடிக்கொண்டேன்.

வாங்குகிற அன்று, வேலை கொடுத்திருக்கும் பொறியாளர் அவனைக் கட்டடம் எழும்பும் இடத்துக்கு அழைத்துவிட்டார். சோதித்து வாங்கிவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சோதனைக்கு வேண்டியதைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, சூடேறினாத்தான்பா கார்டோட வியாதி வெளிய தெரியும், ஒரு மணி நேரம் ஓடட்டும், திரையில புள்ளி தெறிச்சாலோ கோடு விழுந்தாலோ கும்பிடு போட்டுட்டு வந்துருங்க என்றான். கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் எனக்கு ஏது? நான் காலையில் ஓதும் நூறு துதிப்பாட்டும் ஒரு மணி நேரம், நம் வீட்டுக்கு அதுதானே கடிகாரம். பத்தாம் பாட்டில் பால் பொங்கும், முப்பதில் உலை கொதிக்கும், அறுபதில் அந்த நாளில் நீ பள்ளிப் பையைத் தூக்குவாய். நூறும் ஓதிட்டு எழுந்திரிங்க, அதான் கணக்கு என்றே அவனும் சொல்லி அனுப்பினான். வீடியோக்காரரின் அறை மூன்றாம் மாடியில். ஜன்னலில் கறுப்புத் துணி. கார்டின் விசிறிச் சத்தம் மாறினால் கேட்க வேண்டுமென்று தலைக்குமேல் ஓடிய மின்விசிறியை நிறுத்திவிட்டார். திரையில் சோதனைப் படமாக மயிரடர்ந்த வளையம் ஒன்று ஓயாமல் சுழல, நான் வாய்க்குள் ஓதத் தொடங்கினேன். முந்திய நாள் முழுதும் அம்மாவோடு மருத்துவமனை வரிசையில் நின்ற அலுப்பு எலும்பில் இருந்தது. நாற்பத்தொன்றாம் பாட்டில் நா வறண்டது. அங்கிருந்து நேரே நூறாம் பாட்டுக்குத் தாவினேன். கண்ணயர்ந்துவிட்டேன் என்று எழுதலாம். அயரவில்லை, விழித்துக்கொண்டேதான் தாவினேன். ஆண்டவன் பொறுப்பான் என்று எண்ணினேன். ஆண்டவன் பொறுத்திருப்பான், கார்டு பொறுக்கவில்லை. கார்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதும், நூறும் ஆச்சாப்பா என்று வாசலிலேயே கேட்டான் உன் தம்பி. ஆச்சு என்றேன். முப்பத்திரண்டு ஆண்டு துதி சொன்ன நாக்கு அந்த மூன்றெழுத்துக்குக் கூசவில்லை.

அதன்பின் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். படம் ஒன்று உருவாகி முடிய ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். ஐம்பது நிமிடம் தாண்டியதும் திரையெங்கும் வண்ணப் புள்ளிகள், அப்புறம் இருட்டு. கார்டு மேல தப்பில்ல, அப்பா பாத்துட்டாரு என்று சொல்லிச் சொல்லியே அவன் பவர் சப்ளையை மாற்றினான், ரேமைக் கழற்றித் துடைத்தான், உள்ளிருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினான். வயிற்று நோய்க்குக் காலில் தைலம் தேய்த்ததுபோல் மூன்று வாரம் போயிற்று, கையிருப்பும் போயிற்று. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன் தம்பி, அதுக்கப்புறம் வேற ஆளுதான் என்றுவிட்டார் பொறியாளர். போன ஞாயிறு நீ தொலைபேசியில், ஊர்க் குப்பைய வீட்டுக்குக் கொண்டாறதே உனக்குப் பொழப்பாப் போச்சு, சொல்பேச்சு கேக்காதவனுக்கு எதக் குடுத்தா என்ன என்றாய். கார்டு நல்லாத்தான் இருக்குக்கா, அப்பாவே பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் பாத்தாரு என்றான் அவன். அவன் எடுத்துக்காட்டிய சாட்சி, அதே கூடத்தில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. நீ பட்டென்று வைத்துவிட்டாய். அதன்பின் நீயும் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை.

நேற்றுக் காலை, மதர்போர்டையே மாத்திப் பாக்கலாம்னு இருக்கேன்பா, யார்கிட்டயாவது கைமாத்து கேக்கணும் என்றான். அதற்குமேல் தாங்கவில்லை. நாற்பத்தொன்றிலிருந்து தாவியதைச் சொன்னேன். அவன் கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தான். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இப்ப ஓதுங்கப்பா, விடாம என்று மட்டும் சொல்லிச் சோதனையை ஓடவிட்டான். எழுபத்தொன்பதாம் பாட்டில் அந்த வளையத்தின்மேல் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் தெறித்தன. மூணு வாரமாப் புள்ள உசுர வாங்கிட்டு இப்பத்தான் வாய் தொறந்துதாக்கும் என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. அவனோ, முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மறுநாள் நானே போயிருப்பேன்லப்பா என்றான். ஒரு மணி நேரம் பார்த்து வாங்கினால் பிறகு பேச்சில்லை என்ற வீடியோக்காரரிடம் திரும்பிப்போக நமக்கு வாயில்லை. அந்தக் கார்டை இன்னொருவர் தலையில் கட்டவும் அவன் இசையவில்லை. சிறிய நினைவகமுள்ள புதியதே போதும், கட்டடத்தைத் துண்டு துண்டாகப் படமாக்கி ஒட்டிக்கொள்கிறேன், மாதக் கடைசிக்குள் முடித்துவிடலாம் என்கிறான். ஆனால் பவர் சப்ளை வாங்கிய கையில் இப்போது ஒன்றும் இல்லை. அவன் உன்னிடம் கேட்கமாட்டான். வீம்பை விட்டு நான் கேட்கிறேன், அம்மா. குறைவதை அனுப்பு. அதற்கு முன்னால் கூப்பிட்டு, அன்று சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள். அது போய்ச் சேர வேண்டிய இடம் அவனல்ல, நான்.

இன்று காலை நான் ஓத உட்காரும்போது எதிர்மாடத்தில் ஒரு மேசைக் கடிகாரம் இருந்தது. உன் தம்பி வைத்தது. சுருக்கென்றது. என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, நீங்க பாட்டுக்கு ஓதுங்கப்பா, நேரத்த அது பாத்துக்கும் என்றான். நூறும் ஓதினேன். எழுபத்தொரு நிமிடம் ஆயிற்று. எத்தனை நாளாக இப்படிப் பிந்துகிறேன் என்று அம்மாவைக் கேட்டேன். ரெண்டு வருஷமாவே பத்தாம் பாட்டுக்கு முந்திப் பால் பொங்கிடாம அடுப்பத் தணிச்சுத் தணிச்சு வெக்கிறேன், இப்பத்தான் கேக்கிறீங்களா என்றாள்.

நீங்கள் மூவரும் நோயற்று, பொய்யற்று, நீடு வாழ்க. கடிதம் கண்டதும் முதலில் தம்பியைக் கூப்பிடு. என்னிடம் பிறகு பேசலாம், நான் எங்கும் போகவில்லை.

தளர்ந்த குரலோடும் குறையாத அன்போடும்,
அப்பா