அக்கரையை மறைத்த படம்

செவ்வாய். மேகமூட்டம், காற்று இல்லை.

இன்று சொல்லாதது: "சார், ஃப்ளெக்ஸை இங்கே கட்ட வேண்டாம்."

அணைக்கரையில் வரப்போகும் படகுத்துறைக்கு வெள்ளிக்கிழமை அடிக்கல். நான் வரைந்த படத்தை வீடு உயரத்துக்கு அச்சடித்து நீரோரம் கட்டியாயிற்று. கீழே படகுக் கூடம், மேலே காபிக்கடை, பிள்ளைகளுக்குச் சறுக்கு, சுற்றிலும் நெட்டில் எடுத்து ஒட்டிய ஆட்கள். படகோட்டி இருளப்பன் அண்ணன் உட்காரும் கல் படத்துக்குப் பின்னால் அடைபட்டுவிட்டது; இனி அவருக்கு இடம் இந்தப் பக்கம்தான். மேடை போடும்வரை சவாரியும் நிறுத்தம்.

படத்தைப் பார்த்துச் சிரித்தார். "பூராம் வெள்ளக்காரவுகளா நிக்கிறாக. எங்களையெல்லாம் எங்கன தாயி இறக்கிவிட்ட?"

பிறகு மெதுவாக: "அக்கரையில துண்டு ஏறுனா எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கரையில் டவர் கிடையாது. யாருக்காவது ஆபத்து என்றால் கம்பில் சிவப்புத் துண்டு ஏற்றுவார்கள். பார்த்த நொடியில் படகு கிளம்ப வேண்டும்.

எங்கள் ஆபீஸ் சார்: "மூணு நாள்தானப்பா. கேமராவுக்கு இந்த இடம்தான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டினேன்.

வாங்க: பேனா மை, தலைவலி மாத்திரை.

புதன். கடும் வெயில்.

எழுத்து கோணல்.

மதியம் அக்கரை வேலு பரிசலில் மனைவியைக் கொண்டுவந்தார். விடியலில் பாம்பு கடித்திருக்கிறது. துண்டு அப்போதிருந்தே பறந்திருக்கிறது. பொத்தல் பரிசலுக்குத் தார் பூசிக் கிளம்புவதற்குள் உயிர் போய்விட்டது.

இறங்கியவர் நேராக அண்ணனிடம் போனார். கையில் துடுப்பு.

"துண்டு தெரியலப்பா வேலு..."

"ஏலே, அப்புறம் கண்ணு எதுக்குடா உனக்கு?"

முதல் அடி தோளில். இரண்டாவது முகத்தில். இடது கண்ணிலிருந்து ரத்தம். அண்ணன் கையை உயர்த்தவே இல்லை. படம்தான் மறைத்தது என்று கத்தினேன். மைக்செட் பாட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது அடியில் துடுப்பு முறிந்தது.

முறிந்த துடுப்போடு நின்றபடி வேலு அக்கரையைத் திரும்பிப் பார்த்தார். காபிக்கடைதான் தெரிந்தது. பந்தல்காரரின் அரிவாளைப் பிடுங்கி எட்டிய உயரத்திலிருந்து கீழ்வரை படத்தைக் கிழித்தார். கிழிசலுக்குள் தூரத்தில் சிவப்பாகத் துண்டு.

அந்த ஃப்ளெக்ஸிலேயே அண்ணனைத் தூக்கி வேனில் ஏற்றினோம். சறுக்கு இருந்த முனை என் கையில். வழுக்கியது, ரத்தம்.

வியாழன். தூறல்.

தேனி ஆஸ்பத்திரி. அண்ணனுக்கு இடது கண் போய்விட்டது. வேலு ஸ்டேஷனில். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "வேலு பொண்டாட்டிய எடுத்துட்டாகளா?"

சாரிடம் சொல்லிவிட்டேன். மறைத்தது நம் படம், ஸ்டேஷனிலும் இதைத்தான் சொல்வேன் என்று.

"விழா முடியட்டும்மா."

மாலை அணைக்கரைக்குப் புது ஃப்ளெக்ஸ் வந்தது. அதே கம்பங்களில் கட்டினார்கள்.