குணவல்லி கத்தவில்லை

புங்கா ராயா ரோடு,
மலாக்கா.
7-2-1937

அன்புள்ள தங்கை இருசுக்கு,

உன் அக்கா ஜெயமேரி எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சுகம். ரயில்வே ஆபீசில் அத்தானுக்கு இப்போது வேலை அதிகம். வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். நியாலாஸ் ரப்பர் தோட்டத்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டி பாக்கியமும் சுகம் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது. நீ கடிதம் போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. கூடப் பிறக்காவிட்டாலும், மிஷன் பள்ளி விடுதியில் ஐந்து வருஷம் என் பாயில் படுத்துத் தூங்கினவள் இப்படியா மறப்பாள்?

ஊருக்கு ஒரு புது டாக்கி வந்திருக்கிறது. குணவல்லி என்று ஒருத்தியின் கதை. புருஷன் நல்லவன்தான், குடியும் சந்தேகமும் அவனைப் பிடித்துக்கொள்கின்றன. அவளைச் சாட்டையால் அடிக்கிறான், மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவன் அடிக்க அடிக்கப் பாடுகிறாள். அது என்ன பாட்டு இருசு, இன்னும் காதில் நிற்கிறது! கடைசியில் அவனுக்குப் புத்தி வந்து, அவள் காலில் விழுந்து கதறுகிறான். கொட்டகையில் முந்தானை நனையாத பெண் ஒருத்தி இல்லை.

போன கடிதத்தில் உன் வீட்டுக்காரர் கொஞ்சம் முன்கோபி என்று ஒரு வரி எழுதியிருந்தாய். படம் பார்க்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது. கோபப்படாத ஆண்பிள்ளை எங்கே இருக்கிறான்? பொறுத்துப் போனால் எல்லாம் சரியாகும். அவரையும் அழைத்துக்கொண்டு வந்து இந்தப் படத்தைப் பார். வந்தால் நம் வீட்டில்தான் சாப்பாடு.

மாதாவின் காவலில் இரு.

உன் அக்கா,
ஜெயமேரி


நியாலாஸ்.
1-3-1937

அன்பு மேரி அக்காவுக்கும் யூஜின் அத்தானுக்கும் இருசம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். அவரும் தங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

பத்து நாளைக்கு முன் மலாக்கா வந்து பகல் ஆட்டம் பார்த்தோம். தங்கள் வீட்டுக்கு வர நேரமில்லாமல் போய்விட்டது, மன்னிக்கவும். படம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் விசும்புவது கேட்டது. கண் சிவந்து வெளியே வந்தார். வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கினார். பஸ்ஸில் பாக்கியத்தை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அந்தப் பாட்டை முணுமுணுத்தார். என்னையும் பாடப் பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பழகுகிறேன்.

எழுத்து கோணலாக இருப்பதற்குப் பொறுத்துக்கொள்ளவும். கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் வீக்கம். வேறு ஒன்றும் இல்லை.

தங்கள் தங்கை,
இருசம்மாள்


மலாக்கா.
14-3-1937

அன்புள்ள இருசு,

படம் பார்க்க வந்தவள் ஐந்து நிமிஷ நடையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வரவில்லை. உனக்குப் பிடிக்குமென்று கருவாட்டுக் குழம்புக்கு மொச்சை வாங்கி வைத்திருந்தேன். போகட்டும்.

மணிக்கட்டைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் காட்டினாயா? நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவு. அதென்ன, திடீரென்று எனக்கு "தங்கள்", "மன்னிக்கவும்" எல்லாம்? தோட்ட ஆபீசின் பெரிய கிராணி வீட்டு அம்மா ஆனதும் மரியாதை கூடிவிட்டதோ? பழையபடி எழுது. தபசு காலம் முடிந்து ஈஸ்டர் கழிந்ததும் நானே வந்து உன்னைப் பார்க்கிறேன்.

அக்கா,
ஜெயமேரி


நியாலாஸ்.
2-4-1937

அக்கா,

இந்தக் கடிதம் தோட்டத்துத் தபால் பையில் வரவில்லை. பையைக் கட்டுவதும் பிரிப்பதும் என் வீட்டுக்காரர்தான். நீங்கள் எழுதுவதை அவர் படித்த பிறகுதான் நான் படிக்கிறேன். நான் எழுதுவதும் அப்படியே. எங்கள் வீட்டில் துணி துவைக்கும் சுப்பம்மா ஜாசின் பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிறாள். இதை இடுப்பில் செருகிக்கொண்டு போய் அங்கே தபாலில் போடுவாள்.

நான் கிணற்றடியில் விழவில்லை.

படம் பார்த்து வந்து எட்டு நாள் அவர் கை நீட்டவில்லை. படமே அவரைத் திருத்திவிட்டது என்று நினைத்து உங்களுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். ஒன்பதாம் நாள் சோறு குழைந்துவிட்டது. அவர் குடிப்பதில்லை அக்கா, சத்தமும் போடுவதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, பாட்டுப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்தார். "அவ பாடுனால்ல? நீயும் பாடு" என்றார். பாடினேன். வலி தாங்காமல் கத்தினபோது மணிக்கட்டை இன்னும் முறுக்கிக்கொண்டு, "குணவல்லி கத்துனாளா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எப்போதும் இப்படித்தான். முன்பெல்லாம் அடி மட்டும்தான்.

சுப்பம்மாவுக்கு இடது காது பாதி இல்லை. அவள் புருஷன் பதினோரு வருஷம் அடித்தான். அவன் காய்ச்சலில் செத்த பிறகுதான் அடி நின்றது. என் கையைப் பார்த்து அவளாகவே புரிந்துகொண்டாள். படத்தின் கதையை அவளிடம் சொன்னேன். துணியைக் கல்லில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"பாட்டா? அடி வாங்கிக்கிட்டேவா? அடி வயித்துல ஒண்ணு வுழுந்தா மூச்சே உள்ள போவாது கிராணியம்மா, பாட்டு எங்கேருந்து வரும்? சரி, அவ மொகம் வீங்குச்சா?"

"இல்ல. தலையில பூகூட வாடல."

"அப்ப அந்தப் படத்த எடுத்தவன் அடி வாங்கிப் பாத்ததில்ல." துணியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டே, "அடிச்சிருப்பான்லா" என்றாள்.

இதையெல்லாம் இன்னும் பொறுத்துக்கொண்டிருப்பேன். நேற்றுப் பாக்கியம் காப்பியைக் கொட்டிவிட்டாள். அவர் முதுகில் ஒன்று வைத்தார். நாலு வயசுப் பிள்ளை, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. பிறகு என்னிடம் வந்து, "அம்மா, நான் கத்தலியே" என்றது.

வருகிற வியாழக்கிழமை அவர் துரையோடு வேறு தோட்டத்துக்குப் போகிறார். அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருகிறேன். பதில் எழுதாதீர்கள்.

இருசு


மலாக்கா.
25-4-1937

அன்புள்ள இருசு,

நீ போய்ப் பத்து நாள் ஆகிறது. பாக்கியம் விட்டுப்போன சின்னச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். உன் கடிதங்களை இனித் தொடுவதில்லை என்று உன் வீட்டுக்காரர் எங்களிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனார், அதனால் மனம்விட்டே எழுதுகிறேன்.

நீ இங்கே இருக்கிறாய் என்று அத்தான் உன் வீட்டுக்காரருக்குத் தந்தி கொடுத்தது உனக்கு வருத்தம் என்று எனக்குத் தெரியும். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "பெண்டாட்டி பிள்ளை எங்கே என்று தெரியாமல் ஒரு மனுஷன் தவிக்கக் கூடாது மேரி" என்றார். அது தப்பா சொல். உன் வீட்டுக்காரர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தாயே! சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. எங்கள் கண் முன்னால், பெரிய கிராணி என்ற கௌரவம் பார்க்காமல், தரையில் விழுந்து உன் காலைப் பிடித்துக்கொண்டாரே. "அக்கா, நான் மனுஷனே இல்ல. இவ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியல" என்று என்னைப் பார்த்து அழுதார். படத்தில் வந்த கடைசிக் காட்சியேதான் என்று நினைத்தேன்.

நீ மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாய். "அக்கா, நீங்க நம்பறீங்களா?" என்று கேட்டாய். நம்பறேன் என்றேன். உடனே நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டாய்.

நான் சொன்னது சரிதானே? இப்போது வீடு அமைதியாக இருக்கிறதா? உன் கையால் நாலு வரி எழுது.

அக்கா,
ஜெயமேரி


மலாக்கா.
30-6-1937

இருசு,

மூன்று கடிதம் போட்டேன். பதிலாக உன் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. முத்து முத்தான எழுத்து. "அவள் சௌக்கியம். எழுத அவகாசமில்லை. இனிக் கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டாம்."

மனசு கேட்காமல் அத்தானை நியாலாஸ் அனுப்பினேன். திருப்தியாகத் திரும்பி வந்தார். "தங்கமான மனுஷன் மேரி. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். பாக்கியம் அவர் மடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தம் இல்லை" என்றார். இருசுவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நீ கோயிலுக்குப் போயிருப்பதாக உன் வீட்டுக்காரர் சொன்னாராம்.

அந்தப் படம் திரும்பவும் வந்திருக்கிறது. தனியாகப் போனேன். இந்தத் தடவை பாட்டு என் காதில் ஏறவில்லை. அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி விழும்போது யாருக்கும் கை தானாகத் தலையை மறைக்கப் போகும். அவள் கை கடைசிவரை கும்பிட்டபடியே இருந்தது. முதல் தடவை இதை நான் ஏன் பார்க்கவில்லை? உன் மணிக்கட்டை என் கண்ணால் பார்த்த பிறகும் உன்னை ஏன் அனுப்பினேன்?

இந்தக் கடிதம் அவர் கையில்தான் கிடைக்கும் என்று தெரியும். கிடைக்கட்டும். இதைப் படிப்பவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்: எங்கள் இருசு உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க நாங்கள் இருக்கிறோம்.

வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் போதும் இருசு.

ஜெயமேரி


19-8-1937

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். பாக்கியமும் இருக்கிறாள். ஊர் எது என்று எழுதவில்லை. தபால் முத்திரையை வைத்துத் தேட வேண்டாம், வேறு ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துத்தான் இதைப் போடச் சொல்கிறேன்.

உங்களிடமிருந்து திரும்பிப் போன பிறகு பதினோரு நாள் நன்றாக இருந்தார். பிறகு பகலிலும் ஜன்னல் சாத்தினார். உங்கள் கடிதங்களை அவரே எனக்குப் படித்துக் காட்டுவார். "ஒங்க அக்காவே என்ன நம்பறாங்க பாரு" என்று அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிப்பார். கடைசிக் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. அடுப்பில் போட்டதைத்தான் பார்த்தேன். அதில் என்ன எழுதியிருந்தீர்களோ, தெரியாது.

அத்தான் வந்த அன்று நான் கோயிலில் இல்லை. உள் அறையில் இருந்தேன். அத்தான் கோப்பையைக் கீழே வைத்தது, ஏதோ சொல்லிச் சிரித்தது எல்லாம் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். பிள்ளை என் வீட்டுக்காரர் மடியில் இருந்தாள். அதனால் கூப்பிடவில்லை.

ஆடி மாசத்தில் ஒரு நாள், ரப்பர் பால் நிறுக்கும் நேரம், பன்னிரண்டு மணி இருக்கும். சாப்பிட வந்தவர் புத்தகத்தை எடுத்தார். பாடு என்றார். பாடத்தான் வாயைத் திறந்தேன் அக்கா. வந்தது கூச்சல். நான் நினைத்துச் செய்யவில்லை. வந்த பிறகு நிறுத்தவும் முடியவில்லை. எத்தனை வருஷத்துச் சத்தமோ, அவர் வாயைப் பொத்தியும் விரலுக்கு நடுவே வந்துகொண்டே இருந்தது.

பால் கொட்டகையில் வரிசையில் நின்ற பெண்கள் வாளியோடு வந்துவிட்டார்கள். முப்பது பேருக்குக் குறையாது. யாரும் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை. வீட்டைச் சுற்றி நின்றார்கள். அவர் வாசலுக்குப் போய், "புருஷன் பொண்டாட்டி விஷயம். போய் வேலயப் பாருங்க" என்றார். ஒருத்தியும் நகரவில்லை. சுப்பம்மா முன்னால் நின்றாள்.

"நாங்க படம் பாக்க வந்தோங்க. பாடச் சொல்லுங்க, கேப்போம்" என்றாள்.

அவர் முகம் அப்படி வெளிறிப் போய் நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் பாக்கியத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் மிதித்து வீங்கிய காலோடு நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன். பெண்கள் வழிவிட்டு, என் பின்னால் மறுபடி நெருங்கி நின்றுகொண்டார்கள். கங்காணி எங்கேயோ மரத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் சுப்பம்மாவைத் தோட்டத்தை விட்டுத் துரத்திவிட்டார்கள். அவளும் இப்போது எங்களோடு இருக்கிறாள். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்திருக்கிறது. என் கால் சரியாகவில்லை. இப்படியே இருக்கும் என்று வைத்தியர் சொல்கிறார்.

அக்கா, அவர் உங்களிடம் வருவார். அழுவார். அந்த அழுகை பொய் இல்லை. அழுகை பொய்யாக இருந்திருந்தால் முதல் வருஷமே நான் ஓடி வந்திருப்பேன். அழுவதும் நிஜம், அடிப்பதும் நிஜம். படத்தில் அவன் அழுததும் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள், நீங்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். எங்களுக்கு மறுநாள் சோறு வடிக்க வேண்டும். அது குழையாமல் இருக்க வேண்டும்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. விடுதியில் எனக்குத் தலை வாரிவிட்ட கையை நான் மறக்க மாட்டேன். ஆனால் இனி உங்களிடம் வர மாட்டேன். அத்தான் நல்லவர். யாராவது கலங்கி நின்றால் அவருக்கு மனசு தாங்காது, தெரிந்ததைச் சொல்லிவிடுவார். கெட்டவரிடமிருந்து ஒருவழியாக ஒளிந்துகொண்டேன். நல்லவர்களிடமிருந்து ஒளிவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நேற்று வாசலில் யாரோ ஒரு ஆள் இருமினார். வழிப்போக்கராக இருக்கும். நான் எழுந்திருப்பதற்குள் பாக்கியம் முக்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறிக் கதவைத் தாழிட்டுவிட்டாள். பிறகு இறங்கி வந்து விட்ட இடத்திலிருந்து விளையாட ஆரம்பித்தாள்.

பதில் எழுத வேண்டாம். ஜெபம் பண்ணும்போது எங்கள் பெயரைச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் அக்கா, மனசுக்குள் சொல்லுங்கள்.

இருசு