ஹீட்டர் மேல் மறந்த பனிக்கால்சட்டை

நோர்மான்,

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள். உன் மகள் கோரலியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

நேற்று அவளைப் பள்ளிக்குக் கிளப்பியது நீ. பனிக்கால்சட்டையை ஹீட்டர் மேலேயே மறந்ததும் நீ. அது போடாத பிள்ளை பனியில் இறங்கக் கூடாதென்று இரண்டு இடைவேளையும் அவளைச் சுவரோரம் நிற்கவைத்த மைதானக் கண்காணிப்பாளரும் நீயேதான். கேட்டால், "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்கிறாய்.

காரை எடுத்துப் போகிறேன். நாளை பள்ளிக்கு நடந்தே போ. உன் பனிக்கால்சட்டையை நீ ஒருநாளும் மறப்பதில்லையே.

கிஸ்லேன்

பி.கு.: டீச்சர் போன் செய்தார். "அப்பா எடுத்துக்கச் சொன்னாரு மிஸ், நான்தான் மறந்துட்டேன்" என்றாளாம் கோரலி. நீ பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாயாம்.