தனித்தனியே பாடிய சோடிப் பாட்டு

8.3.94, செவ்வாய்

காலையிலிருந்து சிட்னியில் மழை. ஹோம்புஷ் ஸ்டேஷனில் ரெயின் பிந்தி, நானும் ஒலிப்பதிவுக்குப் பிந்தி. நல்லதாய்ப் போச்சு. சிவா தன் பகுதியைப் பாடிவிட்டுக் கிளம்பியிருந்தார். சட்டப்படி இன்னும் என் கணவர். பிரிந்து மூன்று மாதம், ஒருவருக்கும் தெரியாது. ஒரே அறையில் நிற்பதில்லை என்று ஒப்பந்தம்.

இன்றைய வேலை: நெல்லறுக்கிற அருவி வெட்டுப் பாட்டு, கும்மி, மச்சான்–மச்சாள் நையாண்டி. ஊர்ப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிற்றார், ட்ரம்ஸ். யோசனை சிவாவுடையது.

ஹெட்போனில் அவர் குரல். காதுக்குள் இருந்துகொண்டு "மச்சாளே" என்கிறார். பதிலுக்கு நான் சிரிக்க வேண்டுமாம். எங்கே வரும்? கடைசியில் வந்த கோபத்தில் சிரித்தேன். ஒலிப்பதிவாளர் பீற்றர் கட்டைவிரலைத் தூக்கினார்.

18.6.94, சனி

கடுங்குளிர். பென்டில் ஹில் கடை: உளுந்து, நல்லெண்ணெய், கறிவேப்பிலை (இல்லை). எங்கள் பாட்டுக் கசெற் வந்து இரண்டு கிழமை, கடைக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. கடைக்கார அங்கிள் எல்லாருக்கும் கேட்கக் கத்தினார்: "பிள்ளை, அந்தச் சிரிப்பிருக்கே! புருஷனைப் பாத்துச் சிரிச்சாத்தான் அப்பிடி வரும்!"

உளுந்தை மறந்து வந்துவிட்டேன். சீ.

பின்னேரம் சிவா போனில். "செப்டெம்பர் மெல்பேர்ண் கச்சேரி முடியுமட்டும் வாயைத் திறக்காதையும். சனம் வாங்கிறது பாட்டை இல்லை, எங்களை."

உண்மைதான். அதுதான் எரிச்சல். கிற்றாரையும் நன்றாக வாசித்துத் தொலைத்திருக்கிறார். இப்படி ஒரு கசெற் எனக்கு இன்னொருக்கால் அமையாது. விட மனமில்லை.

28.8.94, ஞாயிறு

கமலா அன்ரியின் மகளுக்குக் கலியாணம். மண்டபத்தில் எங்கள் பாட்டு. சிவாவும் வந்திருந்தார், தூரத்துக் கதிரையில்.

அன்ரி ஆராத்தித் தட்டை என் கையில் வைத்தா. "நீர்தான் எடுக்க வேணும். உங்களை மாதிரி இதுகளும் ஒற்றுமையா இருக்கட்டும்."

திரி எரிகிறது. மணப்பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பொய்யாகப் பாடலாம். பொய்யாக ஆராத்தி எடுக்கிறதோ? ஏலாது.

"அன்ரி, நாங்கள் பிரிஞ்சிட்டம். போன மார்கழியே."

"விசர்க்கதை கதையாதையும். அப்ப இந்தப் பாட்டு?"

"அவர் பாடிப்போட்டுப் போன பிறகு நான் வந்து பாடினனான்."

அன்ரி தட்டை வாங்கிப் பக்கத்தில் நின்றவவிடம் கொடுத்தா. மகனைக் கூப்பிட்டுக் காதுக்குள் ஏதோ. பாட்டு பாதியில் நின்றது. நாதஸ்வரக் கசெற் போட்டார்கள்.

சாப்பிடவில்லை. ரெயினில் அழுகை. பாட்டுக்காகத்தான்.