அவன் தட்டும் என் தட்டும்

மார்ச் 4, செவ்வாய்

உணவுச் சிகிச்சைக்காக ஒதிலியாவிடம் போனேன். மருத்துவர்தான் அனுப்பினார். சினைப்பையில் நீர்க்கட்டி, ஆண் ஹார்மோன் அதிகம். அதனால்தான் தாடையில் முடி வளர்கிறதாம், மாதவிலக்கும் தள்ளிப்போகிறதாம்.

பட்டினி போடுவாள் என்று பயந்தேன். "வயிறு நிறைய சாப்பிடு, நெரெய்தா. கோலாவையும் இனிப்பு ரொட்டியையும் விடு. கருப்பு பீன்ஸ், மீன், முள் சீவின சப்பாத்திக்கள்ளி மடல் எல்லாம் சேத்துக்கோ. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதே" என்றாள். பிறகு கேட்டாள்: "குழந்தைக்காகன்னா ரெண்டு பேருமே வரணுமே. வீட்டுக்காரர் எங்க?"

வீட்டுக்காரர் வெளியே வண்டியில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

மாமியார் எர்மிலா அத்தை வீட்டில் விருந்து. கோலா வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், அத்தை ஆரம்பித்துவிட்டாள். "இவ உடம்புல ஆம்பள ஹார்மோன் ஓடுதாம்! பாவம் எம்புள்ள, பொண்டாட்டின்னு நெனச்சு ஒரு மீசைக்காரனக் கட்டிக்கிட்டான்!"

மேசையே சிரித்தது. என் கணவன் எவாரிஸ்தோவும் சிரித்தான்.

மார்ச் 10

அத்தை சிரிக்கட்டும். இவன் ஏன் சிரித்தான்?

மார்ச் 21, வெள்ளி

இரண்டு சமையல். எனக்கு மீன், அவனுக்குப் பொரித்த பன்றிக்கறி. துறைமுக வேலையிலிருந்து வந்ததும் ஒரு பெரிய பாட்டில் கோலாவைக் காலி செய்கிறான், நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறான். தொப்பை மட்டும் வளர்கிறது. என்னைத் தொட்டு எத்தனை மாதம்?

"நீயும் ஒரு தடவ பரிசோதன பண்ணிக்கோயேன்."

"எனக்கென்னடி கொறச்சல்? கட்டி உனக்குத்தானே!"

தட்டைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். கழுவி வைத்தேன். ச்சீ.

ஏப்ரல் 15

மாதவிலக்கு சரியான தேதியில் வந்துவிட்டது! அவனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ம்" என்றான். டிவியில் கால்பந்து.

ஏப்ரல் 24, வியாழன்

போன வாரம் துறைமுகத்தில் இவனைப் போலக் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் மருத்துவப் பரிசோதனை. அவனுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. மேற்கொண்டு பார்த்ததில் ஆண் ஹார்மோன் குறைவு. மருத்துவர் அவனையும் ஒதிலியாவிடமே அனுப்பினார். இன்று இருவரும் போனோம். தொப்பை குறைந்தால், சாப்பாடும் தூக்கமும் ஒழுங்கானால், ஹார்மோனும் ஓரளவு ஏறலாம் என்றாள்.

வண்டியில் ஏறியதும் அவன் முதலில் சொன்னது: "அம்மாகிட்ட சொல்லிடாதே."

என் வியாதியை ஊரே சூப்போடு சேர்த்துக் குடிக்கலாம். இவனுடையது மட்டும் ரகசியமா?

மே 11, ஞாயிறு

"கட்டி கரைஞ்சுதா, மீசைக்காரி?" என்றாள் அத்தை. அவன் சிரிக்கவில்லை. "நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றேன் அவனிடம்.

தட்டைத் தள்ளி வைத்தான். "எனக்கும்தான்மா. எனக்கு ஆம்பள ஹார்மோன் கம்மியாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை என் பக்கம் திரும்பினாள்: "அடிப்பாவி! எம்புள்ளைக்கு என்னடி ஆக்கிப் போட்டே?"

அதுவும் என் தப்பு! என் உடம்பும் என் தப்பு, அவன் உடம்பும் என் தப்பு! எழுந்து நடந்தேன். கடற்கரைச் சாலை முழுக்க வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

மே 18, ஞாயிறு

அவன் பீன்ஸ் வேகவைத்தான். உப்பு போடவில்லை, அடியும் பிடித்துவிட்டது. அத்தை போனில் கூப்பிட்டாள். "இன்னிக்கு வரலம்மா. இனிமே அவள ஏதாவது சொல்றதுன்னா என்னையும் சேத்துச் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

நான் அவனை இன்னும் மன்னிக்கவில்லை. ஒரே பானையிலிருந்து இரண்டு தட்டில் போட்டேன்.