சிஸ்டர் ஹேமாவின் வார்டில் யாரும் இறப்பதில்லை

ரான்னி
12 ஜூலை 2009

பிரியமுள்ள திரேசியாவுக்கு,

சாராம்மா எழுதுகிறேன். இங்கே விடாத மழை. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். ஆபரேஷனுக்குப் பிறகு உனக்குக் கஞ்சியாவது இறங்குகிறதா? போன் செய்தால் உன் மகன் ரெஜி, "அம்மா தூங்குறாங்க ஆன்ட்டி" என்றே சொல்கிறான். அதனால்தான் இந்தக் கடிதம்.

சாயங்கால ஆஸ்பத்திரி சீரியல் பார்க்கிறாயா? அதில் வரும் நர்ஸ் ஹேமாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. டாக்டர் போன பிறகும் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். போபாலில் நர்ஸாக இருந்தபோது ஒரு வார்டு முழுவதற்கும் நாம் இரண்டு பேர்தானே! உட்கார நேரம் ஏது? நாம் செய்ய ஆசைப்பட்டதையெல்லாம் அவள் செய்கிறாள். அவள் வார்டில் யாரும் சாவதும் இல்லை.

பதில் போடு. சோம்பேறித்தனம் வேண்டாம்.

உன் சாராம்மா


பாலா
20 ஜூலை 2009

அன்புள்ள சாராம்மா,

அடியே, நைட் டியூட்டி முடிந்தும் தொப்பி கோணாத நர்ஸை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா? உன் ஹேமாவை நீயே வைத்துக்கொள்.

எனக்குப் பிடித்தது அதில் வரும் மேட்ரன் கிளாரா. சிடுமூஞ்சிதான். ஆனால் போன வாரம் அந்தப் பெரியவர் "நான் பொழைப்பேனா?" என்று கேட்டபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அவள்தான் கதவைச் சாத்திவிட்டு, "மாட்டீங்க. யாரைப் பாக்கணும்னு சொல்லுங்க, வரவைக்கிறேன்" என்றாள். நான் டிவியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அல்சர் என்கிறார்கள், சாரா. அல்சருக்குக் கண் மஞ்சளாகுமா? நான் நடந்து வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. மருமகள் ஷைனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுகிறாள். நீ கேட்டால் ரெஜி மறைக்க மாட்டான். கேட்டு எழுது.

திரேசியா


ரான்னி
29 ஜூலை 2009

என் திரேசியா,

ரெஜியிடம் பேசினேன். போனிலேயே அழுதான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி. தெரிஞ்சா அன்னைக்கே உடைஞ்சிடுவாங்க" என்றான். சரி என்று சொல்லித்தான் போனை வைத்தேன்.

ஆனால் என்னிடம் கேட்டது நீ. அல்சர் இல்லையடி. கணையத்தில் புற்றுநோய். திறந்து பார்த்தார்கள், ஈரலுக்கும் பரவியிருந்ததால் எதையும் எடுக்காமல் தைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸைத் தாண்டினால் அதிசயம் என்றாராம் டாக்டர்.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டியதைத் தபாலில் சொல்கிறேன். இந்த முழங்காலோடு பஸ் ஏற முடியவில்லை. தம்பி ஜீப் கொண்டுவந்ததும் புறப்படுகிறேன். ரெஜி என் முகத்தில் விழிக்க மாட்டான். பரவாயில்லை.

உன் சாரா


பாலா
5 ஆகஸ்ட் 2009

சாரா,

கடிதம் கிடைத்தது. மறைப்பானேன், ஜெபமாலையைக்கூட அன்று முழுவதும் தொடவில்லை. பிறகு ரெஜியைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். படித்ததும் கோபத்தில் அவன் முகம் சிவந்தது. "அவங்க எப்படிச் சொல்லலாம்?" என்று கத்தினான். "நான் கேட்டேன்டா, சொன்னா. வேற யார்கிட்ட கேப்பேன்?" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இன்னும் கோபம் ஆறவில்லை. நீ வந்தால் பேச மாட்டான். ஆனால் ஜீப்புக்குக் குடை கொண்டுவருவான், பார்.

ராத்திரி ஷைனி என் கட்டிலுக்கு வந்தாள். இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் அழுது அழுது பெண் பாதியாகிவிட்டாள். இப்போது என் முன்னாலேயே அழுதாள். தண்ணீர் குடிக்கவைத்து, தலையைக் கோதிவிட்டு, தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரிட்டயர் ஆன பிறகு இப்போதுதான், சாரா, எனக்கு ஒரு டியூட்டி கிடைத்திருக்கிறது.

சீக்கிரம் வா.

உன் திரேசியா